ஏழு அத்தியாயமும் ஒரு கொலையும்

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. க்ளையன்ட் குடும்பத்தோட லீவுல போயிட்டார். அதனால ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பதிவு நீளமாத்தான் போகும், டீயைப் பக்கத்துல வெச்சுக்குங்க.

விஷயம் இதுதான். சினிமா உலகத்தை வெச்சு எழுதற கொலைக்கதைகள். எனக்கு அது மேல எட்டாவது படிக்கிற காலத்துலயிருந்து ஒரு பைத்தியம். உடுமலை பஸ் ஸ்டாண்ட் கடையில மாத நாவல்களைக் க்ளிப் போட்டுத் துணி காயப்போடற மாதிரி தொங்கவிட்டிருப்பாங்க. ஊருக்குப் போற பஸ் கிளம்பறதுக்குள்ள ஒண்ணை வாங்கி, கொமரலிங்கம் வந்து இறங்கறப்ப பாதி முடிச்சிருப்பேன். ராஜேஷ்குமார் கோயமுத்தூர்க்காரர்ங்கறதுல ஒரு தனிப் பெருமை. நம்ம ஊருப் பக்கத்து ஆளு கொலை பண்ணா அது வேற மாதிரிதான் இருக்கும்னு நெனப்பு :-)

ஆனா சினிமாவை வெச்சு எழுதற கொலைக்கதைன்னு வந்துட்டா, யார் எழுதினாலும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரு நடிகை. மேக்கப் ரூம்ல செத்துக் கிடப்பா. டைரக்டர், புரொடியூசர், பழைய காதலன், புது ஹீரோ, நடிகையோட அம்மான்னு அஞ்சு பேர் மேல சந்தேகம். இன்ஸ்பெக்டர் அஞ்சு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேப்பார். கடைசி அத்தியாயத்துல, அதுவரைக்கும் ரெண்டே வரி வசனம் பேசின லைட்மேன் முன்னாடி வந்து "பத்து வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி..."ன்னு ஆரம்பிப்பார். சுபம்.

இதுக்கு நான் ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன். கதையில இருக்கற நடிகையை எடுத்துட்டு அந்த இடத்துல திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளியைப் போடுங்க. மேக்கப் ரூமுக்குப் பதிலா குடோன். லைட்மேனுக்குப் பதிலா கட்டிங் மாஸ்டர். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் ஒரு தடவை அடிச்சா கதை அப்படியே ஓடுதா? ஓடுச்சுன்னா அது சினிமா உலகத்துக் கதையே இல்ல. சினிமாவை வால்பேப்பரா ஒட்டிருக்காங்க, அவ்வளவுதான். கொலைக்கான காரணம் அந்தத் தொழில்லயிருந்தே வரணும். தடயமும் அந்தத் தொழில்லயிருந்தே வரணும். வேற எங்கயும் நடக்க முடியாத கொலையா இருக்கணும்.

அதுக்கான சரக்கு சினிமாவுல இல்லையா என்ன? கொட்டிக் கிடக்கு. நான் ஆறாவது படிக்கறப்ப எங்க ஊர் அமராவதி ஆத்தங்கரையில ஒரு ஷூட்டிங் நடந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பொறந்தவங்களுக்கு ஷூட்டிங் பெரிய அதிசயம் இல்லைன்னாலும், ஸ்கூலைக் கட் அடிச்சுட்டுப் பாக்கற அளவுக்கு மரியாதை உண்டு. ஹீரோ பதினோரு மணிக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருந்தது நோட்டும் பேனாவுமா அலைஞ்சுக்கிட்டிருந்த ஒரு ஒல்லி ஆளை. உதவி டைரக்டர். எந்த ஷாட்ல சட்டையில எத்தனாவது பட்டன் கழண்டிருந்தது, குடத்துல தண்ணி எதுவரைக்கும் இருந்தது, நெத்தியில விபூதி எந்தப் பக்கம் கலைஞ்சிருந்தது, எல்லாம் அந்த நோட்டுல. ஒரு நாள் எடுத்த சீனோட மிச்சத்தை ஒரு வாரம் கழிச்சு எடுப்பாங்க, அதனால எதுவும் மாறிடக் கூடாது. அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டா, அன்னிக்கு ஆத்தங்கரையில நின்ன அத்தனை பேரும் எத்தனை மணிக்கு எங்க நின்னாங்கன்னு சொல்லியிருப்பார். எங்க பாஷையில சொன்னா அது லாக் ஃபைல். ஒரு கொலை நடந்தா இன்ஸ்பெக்டரை விட அந்த ஒல்லி ஆளு பத்து மடங்கு நல்ல துப்பறிவாளர். கால்ஷீட் இருக்கு, பேட்டா கணக்கு இருக்கு, எந்த வண்டி யாரை எத்தனை மணிக்கு ஏத்துச்சுங்கற மேனேஜர் நோட்டு இருக்கு. பாதி எடுத்த படத்துல சிக்கின ஃபைனான்சியரோட வட்டி இருக்கு, அது ஒரு காரணத்துக்கு இல்ல, பத்து கொலைக்கான காரணம். இத்தனையும் விட்டுட்டு நம்ம ஆளுங்க ஏன் தங்கச்சி கதைக்கே போறாங்கன்னு எனக்குப் புரியல.

சினிமாவை உள்ளயிருந்து எழுதினவங்க நம்மகிட்ட இல்லாம இல்ல. ஜெமினி ஸ்டுடியோவுல வேலை பாத்த அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' எழுதினார். அதுல கொலை இல்ல, ஆனா ஒரு புரொடக்ஷன் மேனேஜரோட விடியக்காலைப் பதட்டத்தைப் படிச்சா எந்த த்ரில்லரும் தோத்துடும். சுஜாதாவோட 'கனவுத் தொழிற்சாலை'யும் அப்படித்தான், இத்தனைக்கும் கணேஷ், வசந்த்தைக் கையில வெச்சிருந்தவர் அவர். சினிமா தெரிஞ்சவங்க கொலை எழுதல, கொலை எழுதினவங்க சினிமாக்குள்ள போகல. நான் வாசிச்ச வரைக்கும் இதுதான் நிலைமை. விட்டுப்போன நல்ல புத்தகம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, தலை வணங்கி வாங்கிப் படிக்கறேன்.

வெளியூர்க்காரங்கள்ல அகதா கிறிஸ்டி 1962ல 'தி மிரர் க்ராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்'னு ஒண்ணு எழுதினார். படிக்காதவங்க இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் போயிடுங்க, முடிவைச் சொல்லப் போறேன். ஒரு பெரிய நடிகை கிராமத்துப் பங்களாவுக்குக் குடி வர்றா. விருந்துல உள்ளூர்ப் பொம்பளை ஒருத்தி விஷம் கலந்த சரக்கைக் குடிச்சுச் செத்துப் போறா. எல்லாரும் நடிகைக்கு வெச்ச விஷம் தவறிப் போச்சுன்னு நெனைக்கறாங்க. உண்மை வேற. செத்தவ அந்த நடிகையோட தீவிர ரசிகை. பல வருஷம் முன்னாடி, ஜெர்மன் தட்டம்மை வந்து படுத்திருந்தப்ப, யார் பேச்சையும் கேக்காம எந்திரிச்சுப் போய் நடிகையைப் பாத்துக் கையெழுத்து வாங்கினவ. அப்போ நடிகை மாசமா இருந்தா. குழந்தை குறையோட பொறந்தது. அதைப் பெருமையா நடிகைகிட்டயே சொல்லிட்டு, தான் என்ன பண்ணோம்னே தெரியாம செத்துப் போறா. ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னியோட வாழ்க்கையில 1943ல நிஜமாவே இப்படி ஒரு தொற்றும் குழந்தையும் உண்டு. பின்னாடி ஒரு ரசிகை வந்து சொன்னதும் உண்டு. இந்தக் கதையில பனியன் முதலாளியைப் போட்டுப் பாருங்க. ஓடாது. ரசிகைன்னு ஒருத்தி இருக்கற தொழில்லதான் இந்தக் கொலை நடக்க முடியும்.

சரி, நம்ம ஊர்ல நிஜத்துலயே நடந்ததுக்கு வருவோம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

தெரிஞ்சவங்க பொறுத்துக்குங்க, தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. 1940களோட தொடக்கத்துல மெட்ராஸ்ல சி.என். லட்சுமிகாந்தன்னு ஒருத்தர். ஏற்கெனவே போர்ஜரி கேஸ்ல தண்டனை அனுபவிச்சு வந்தவர். 'சினிமா தூது'ன்னு பத்திரிகை ஆரம்பிச்சு நடிகர் நடிகைகளோட அந்தரங்கத்தை எழுத ஆரம்பிச்சார். நல்லா வித்தது. யுத்த காலம், பத்திரிகை நடத்த அரசாங்க லைசென்ஸ் வேணும். சினிமாக்காரங்க கவர்னர் வரைக்கும் மனு கொடுத்து அதை நிறுத்த வெச்சாங்க. மனுஷன் அசரல. 'இந்து நேசன்'ங்கற இன்னொரு பத்திரிகையைக் கையில எடுத்துக்கிட்டு அதே வேலையைத் தொடர்ந்தார். பணம் கொடுத்தா எழுத மாட்டார்ங்கற பேச்சும் இருந்தது.

1944 நவம்பர் 8. வேப்பேரியில ரிக்ஷாவுல போய்க்கிட்டு இருந்தவரைக் கத்தியால குத்தினாங்க. இதுல எந்த நாவலாசிரியருக்கும் தோணாத ஒரு விஷயம், மனுஷன் உடனே விழுந்து சாகல. நெனவோட, பேசிக்கிட்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் காலையில செத்துட்டார்.

டிசம்பர் கடைசியில எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் கைது பண்ணாங்க. கூடவே கோயமுத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவையும். இன்னும் சிலரையும். அப்போ பாகவதரோட 'ஹரிதாஸ்' தீபாவளிக்கு வந்து ரெண்டு மாசம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அந்தப் படம் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பாத்தது. அதாவது ஹீரோ ஜெயில்ல, படம் தியேட்டர்ல. இந்தக் காட்சியை எந்த எழுத்தாளனாவது கற்பனையில எழுதியிருந்தா "ஓவர்டா"ன்னு சொல்லியிருப்போம்.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்ல. அந்தக் காலத்துத் தமிழ் சினிமாவோட ஒரு கால் மெட்ராஸ்ல இருந்தா இன்னொரு கால் கோயமுத்தூர்ல. சென்ட்ரல் ஸ்டுடியோ இங்க. பாகவதரை வெச்சு 'சிவகவி' எடுத்த ஸ்ரீராமுலு நாயுடு இங்க. பின்னாடி பக்ஷிராஜா ஸ்டுடியோவுல எம்.ஜி.ஆரை வெச்சு 'மலைக்கள்ளன்' எடுத்தவரும் அவரேதான். என்.எஸ்.கே.யோட பாட்டுக்காரர் உடுமலை நாராயணகவி, எங்க உடுமலைப் பக்கத்துப் பூளவாடிக்காரர்.

வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜூரி முன்னாடி நடந்தது. 1945 மே மாசம் தீர்ப்பு. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. அப்பீல் தள்ளுபடி. லண்டன்ல பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், அவங்க "அப்பீலை மறுபடி ஒழுங்கா விசாரிங்க"ன்னு திருப்பி அனுப்பி, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் விடுதலை. ரெண்டு வருஷமும் நாலு மாசமும் போயே போச்சு. என்.எஸ்.கே. எழுந்து வந்துட்டார், 1949ல 'நல்லதம்பி', அதுல நாராயணகவி எழுதின 'கிந்தனார்' கதாகாலட்சேபம், அப்புறம் சொந்தமா படம் டைரக்ட் பண்றதுன்னு. பாகவதரால முடியல. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு', எதுவும் பழைய இடத்துக்குக் கொண்டு போகல. 1959 நவம்பர் 1ஆம் தேதி போய்ச் சேந்துட்டார்.

அப்ப லட்சுமிகாந்தனைக் கொன்னது யாரு? விடை இல்ல. இன்னிக்கு வரைக்கும்.

இப்ப நான் பண்ண வேலைக்கு வர்றேன். போன வருஷம் இந்த வழக்கை வெச்சு ஒரு நாவல் எழுத ஆரம்பிச்சேன். ராத்திரி பத்து மணிக்கு மேல, பிராஜெக்ட் கால் எல்லாம் முடிஞ்சப்புறம், ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம்னு ஏழு அத்தியாயம். எல்லாம் நிஜப் பேரு. நிஜத் தெரு. நிஜத் தேதி. எட்டாவது அத்தியாயத்துல கொலைகாரனைக் காட்டணும். காட்டிட்டேன். கோர்ட் கூண்டுலயே ஏறாத ஒரு நிஜ ஆளு. அந்தக் காலத்து சினிமாவுல ஓரளவுக்குத் தெரிஞ்ச பேரு. பேரை இங்க சொல்ல மாட்டேன், ஏன்னு கீழ வரும். அவருக்கு லாபம் இருந்தது, ஊர்ல இருந்தார், லட்சுமிகாந்தன் மேல கோவம் இருந்திருக்கலாம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மூணையும் கூட்டினா விடை கச்சிதமா வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனப்ப அப்பாருகிட்ட படிச்சுக் காட்டினேன். அப்பாருக்கு எண்பத்து நாலு வயசு. கண்ணு சரியாத் தெரியாது, காது பாம்புக் காது. திண்ணையில கயித்துக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு எட்டு அத்தியாயமும் கேட்டார். நடுவுல ஒரு தடவை வெத்தலை போட எந்திரிச்சதோட சரி. முடிச்சதும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டார்.

"ஏஞ்சாமி, இவுரு கொன்னாருன்னு உனக்கு ஆரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்கப்பாரு. நானா யோசிச்சதுங்க. நாவல்தானுங்களே."

"பேரு நாவலுக்காக வெச்ச பேரா?"

"இல்லீங்க. நெசப் பேருதான்."

"அவுருக்குப் பேரம்பேத்தி இருப்பாங்கல்ல?"

நான் பதில் சொல்லல. அப்பாரு அதோட விட்டுட்டு எங்க பாட்டனார் கதையை ஆரம்பிச்சார், அதாவது அப்பாரோட அப்பா. அவர் பாகவதர் பைத்தியம். உடுமலைக்கு வண்டி கட்டிப் போய்ப் படம் பாத்துட்டு, அதே மாதிரி தோள் வரைக்கும் முடி வளத்திக்கிட்டு, எண்ணெய் தடவிச் சீவி, காட்டுக்குப் போறப்பக் கூட அப்படித்தான் போவாராம். பாகவதர் கிராப்பு. பாகவதரைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சேதி வந்ததும் ஊருக்குள்ள இவரைப் பாத்து "என்னுங்க, கொலகாரக் கிராப்பு எப்பிடி இருக்குது?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பங்காளிங்கதான் முதல்ல. கொஞ்ச நாள் பொறுத்துப் பாத்தார். தண்டனைன்னு தீர்ப்பு வந்த அன்னிக்கு சவரக்கடையில உக்காந்து வெட்டிக்கிட்டு வந்துட்டார். வீட்ல அன்னிக்கு அவர் சோறு திங்கலைன்னு அப்பாரோட அம்மா சொல்லுவாங்களாம்.

"அப்பறம் விடுதலையாயிட்டாருன்னு சேதி வந்துச்சு. அப்ப எனக்கு ஆறு வயசு. எங்கய்யன் மறுக்கா வளத்திப் பாத்தாரு சாமி. ஆனா அதுக்குள்ள முன்னால வழுக்கை வுழுந்துருச்சு. கொலகாரக் கிராப்புன்னு சொன்னவனுக ஒருத்தனும் வந்து தப்பாச் சொல்லிப்போட்டோம்னு சொல்லுல."

எனக்கு உடனே எங்க தெருவுலயே ஒரு முகம் ஞாபகம் வந்தது. கேஸ்ல மாட்டி, கோர்ட்டே நிரபராதின்னு வெளிய விட்டும், சாகற வரைக்கும் கல்யாணப் பத்திரிகை வெக்கப் போறவங்க அவங்க வீட்டை மட்டும் தாண்டிப் போனதை நானே பாத்திருக்கேன். பத்திரிகை வெக்கப் போன கூட்டத்துல நானும் ஒருத்தன்.

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு யோசிச்சேன். லட்சுமிகாந்தன் என்ன பண்ணார்? நிஜப் பேரை எடுத்துக்கிட்டார். கொஞ்சம் தெரிஞ்சதையும் நெறைய தெரியாததையும் கலந்தார். சுவாரசியமா எழுதினார். வித்தார். நான் எட்டாவது அத்தியாயத்துல என்ன பண்ணேன்? அதையேதான். ஒரே வித்தியாசம், அவர் உயிரோட இருந்தவங்களைப் பத்தி எழுதினார், அதுக்கான விலையையும் கொடுத்துட்டார். நான் செத்தவரைப் பத்தி எழுதினேன், எனக்கு ரிஸ்க்கே இல்ல. யோசிச்சுப் பாத்தா நான் அவரை விட மட்டம்.

அதனால என் கட்சி இப்ப இதுதான். திட்டறவங்க திட்டிக்கலாம். தீராத ஒரு நிஜக் கொலையை எடுத்து நாவல் எழுதறவனுக்கு, நிஜப் பேருக்கு மேல கொலைப்பழி போட உரிமை கிடையாது. "கற்பனையே"ன்னு முதல் பக்கத்துல ஒரு டிஸ்கி போட்டுட்டா சரியாப் போயிடாது. படிக்கறவன் மனசுல டிஸ்கி நிக்காது, பேருதான் நிக்கும்.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். அவன் ஒரே வார்த்தையில முடிச்சான். "கொலைகாரன் யாருன்னு சொல்லாத கொலைக்கதைக்கு நான் எதுக்குடா காசு கொடுக்கணும்?" நியாயமான கேள்வி. துப்பறியும் கதைங்கறதே ஒரு ஒப்பந்தம். முந்நூறு பக்கம் கூட வந்தவனுக்கு விடை கொடுத்தே ஆகணும். மறுக்கல. ஆனா அதுக்கு வழி இருக்கு. பேரை மாத்து, ஊரை மாத்து, வருஷத்தை மாத்து. கத்தி எந்த இடத்துல இறங்குச்சுங்கறதையும் மாத்து. கிறிஸ்டி அதைத்தான் செஞ்சார். ஜீன் டியர்னியோட சோகத்துல ஒரு இழையை மட்டும் எடுத்துக்கிட்டு, இல்லாத ஒரு நடிகையை இல்லாத ஒரு கிராமத்துல குடி வெச்சார்.

இன்னொருத்தர், "எண்பது வருஷம் ஆச்சு, எல்லாரும் போயாச்சு, யாருக்கு வலிக்கப் போவுது"ன்னார். 2025 நவம்பர்ல 'காந்தா' வந்துச்சே, பாத்தீங்களா? 1950கள்ல ஒரு மெட்ராஸ் ஸ்டுடியோ, ஒரு பெரிய நட்சத்திரம், அவரை வளத்த டைரக்டர், ஒரு கொலை. எந்த நிஜப் பேரும் அதுல இல்ல. அப்படியும் பாகவதரோட பேரன் ஒருத்தர் எங்க தாத்தாவைத் தப்பாக் காட்டுதுன்னு கோர்ட்டுக்குப் போனார். இது அவரைப் பத்தின படம் இல்லைன்னு எடுத்தவங்க சொன்னாங்க. பேரை மாத்தினது வரைக்கும் எடுத்தவங்க சரி, என் ஓட்டு அவங்களுக்குத்தான், தடை கேக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா அந்தப் பேரனோட கோவம் எனக்குப் புரிஞ்சது. அப்பாரு கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். பேரம்பேத்தி இருக்காங்க. (படத்தைப் பத்தி ஒரு வரி: முதல் பாதியில டைரக்டரும் ஹீரோவும் ஒரு படத்தோட முடிவுக்காக முட்டிக்கறது அபாரம், அது சினிமாவுல மட்டுமே நடக்கற சண்டை. ரெண்டாம் பாதியில போலீஸ் வந்து ஆளாளுக்குக் கேள்வி கேக்க ஆரம்பிச்சதும் பழைய மாத நாவல் வாசனை. என்னோட ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் டெஸ்ட்ல முதல் பாதி பாஸ், ரெண்டாம் பாதி பார்டர்.)

நான் என்ன பண்ணப் போறேன்? பேரை எல்லாம் மாத்திட்டு ஒரு புது ஸ்டுடியோவைக் கோயமுத்தூர்ல கட்டி, அந்த நோட்டுப் புத்தக உதவி டைரக்டரைத் துப்பறிய விடலாம்னு முதல்ல நெனச்சேன். அது வேற நாவல், அதையும் ஒரு நாள் எழுதுவேன். ஆனா இந்த வழக்கு என்னை விட மாட்டேங்குது. இதுல எனக்குச் சுவாரசியம் குத்தினது யாருங்கறதுல இருந்து நகந்துருச்சு. பாகவதர் பாட்டுக்கு உருகினவங்கதான் அந்தப் பத்திரிகையையும் வாங்கினாங்களா? ஹீரோவைப் புடிச்சு உள்ள வெச்சப்புறமும் 'ஹரிதாஸ்' பாக்கப் போன ஜனங்க என்ன நெனச்சுக்கிட்டுப் போனாங்க? ரிக்ஷாவை இழுத்த மனுஷன் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்? அச்சாபீஸ்ல அந்த வரிகளை ஒவ்வொரு எழுத்தாக் கோத்த கம்பாசிட்டருக்கு என்ன தோணுச்சு? இவங்க யாரும் எந்தப் பழிக்கும் ஆளாக மாட்டாங்க, கற்பனை பண்றதுக்கு இடமும் நெறைய இருக்கு. நிஜப் பேருக்கு நிஜமா நடந்தது மட்டும். மிச்சமெல்லாம் பேர் தெரியாதவங்களுக்கு.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பாருகிட்ட இன்னொண்ணு கேட்டேன். "அந்த இந்து நேசன் பத்திரிகை நம்ம பக்கமெல்லாம் வந்துச்சுங்களா?"

அப்பாரு சிரிச்சார். பல் இல்லாத சிரிப்பு.

"வராம என்ன. உடுமலையில சவரக்கடைக்கு வருமாம். ஒருத்தன் சத்தமாப் படிப்பானாம், நாலு பேரு சுத்தி உக்காந்து கேப்பாங்களாம். எங்கய்யனும் அங்கதான் உக்காந்திருப்பாராம், முடி சீவிக்கிட்டு. எங்கம்மா சொல்லிச் சொல்லித் திட்டுவா."

அதே கடை. கிராப்பு வெச்சுக்கிட்டதும் அங்க, பத்திரிகை கேட்டதும் அங்க, கடைசியில வெட்டிக்கிட்டதும் அங்க.

பழைய எட்டாவது அத்தியாயத்தை அழிச்சாச்சு. புதுசு சவரக்கடையில ஆரம்பிக்குது. 1945 மே, வெயில். கண்ணாடி முன்னாடி ஒரு சம்சாரி உக்காந்திருக்கார், தோள் வரைக்கும் முடி. பின்னாடி பெஞ்சுல பழைய இதழ் ஒண்ணு மடிச்சுக் கிடக்கு. கத்திரியைக் கையில எடுத்துக்கிட்டு கடைக்காரர் "எதுவரைக்குமுங்க வெட்டறது?"ன்னு கேக்கறார். மூணு வாரமா அதுக்கு அடுத்த வரி வரல. திங்கக்கிழமை க்ளையன்ட் திரும்பி வர்றார், அதுக்குள்ள வந்துட்டா நல்லாருக்கும்.